சுடுதண்ணிக்குள் குறுக்குக்கட்டு

'கன்னியா மாதிரி' என்று நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிய கை என்னுடையது, பொய்யும் என்னுடையது. அதற்குப் பிறகு நடந்ததற்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் கியூபெக் மாகாணத்துக்கு வந்து குடியேறியிருந்தோம். வாரநாட்களில் நகரின் ஓரம் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். கோடைகாலச் சனிக்கிழமைகளில் மட்டும் சுற்றுலா வழிகாட்டி. அதே நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தொலைபேசி அட்டையும் விமானச் சீட்டும் விற்ற ஒருவர் பேருந்து பிடித்து எங்கள் சனத்தை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போவார். அவரை எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பிரெஞ்சு தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் நான் முதலாவதாக வந்தவன். வகுப்பு தொடங்கும்போது இருபது பேர். வேலை கிடைத்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுவிட, கடைசிவரை வேலை கிடைக்காமல் இருந்தவர்கள் மூன்று பேர். அதில் நான் முதலாவது.

முதலாளி ஒருநாள் பிரெஞ்சு விளம்பரத்தாள் ஒன்றைத் தந்து, தமிழில் அறிவித்தல் எழுதச் சொன்னார். கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் மொன்மொரன்சி நீர்வீழ்ச்சி. மத்தியானத்துக்குப் பிறகு மலையடிவாரத்தில் திறந்தவெளிச் சுடுநீர்க் குளங்கள். அதில் ஒரு குளத்தில் நேரத்துக்கு நேரம் வானத்துக்குப் பீறிடும் ஊற்று. அந்தச் சுடுநீர் பூமிக்குள்ளிருந்து வருவதில்லை, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கொதிகலனிலிருந்து வருகிறது என்ற விஷயம் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை மொழிபெயர்ப்பதில்லை என்பது என் கொள்கை.

"பஸ் நிரம்பவேணும், தம்பி," என்றார் முதலாளி. "சனம் இழுபட்டு வாற மாதிரி ஏதாவது எழுதும்."

நான் எழுதினேன்: 'திருகோணமலைக் கன்னியா மாதிரி வெந்நீர்க் கிணறுகள்!' ஆச்சரியக்குறி ஒன்று போதாது என்று மூன்று போட்டேன்.

கன்னியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கிணற்றுக்குள் ஒருவரும் இறங்குவதில்லை. வெளியே நின்று வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுவதுதான் முறை. நான் கன்னியாவுக்குப் போனதில்லை. போயிருந்தால் இந்தப் பொய்யைக் கொஞ்சம் கவனமாகச் சொல்லியிருப்பேன்.

அறிவித்தல் ஒட்டிய அன்றே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் என் மனைவி.

இதில் எனக்கு ஆச்சரியம். அவள் சுற்றுலாவுக்கு வருகிற ஆள் இல்லை. நகரின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் எட்டு வருடமாகத் துப்புரவு வேலை. அறைகள் இல்லை, நீச்சல் குளமும் சுடுநீர்த் தொட்டியும்தான் அவளுடைய பகுதி. காலையில் தொட்டி விளிம்பைத் தேய்ப்பாள். வடிகானில் சிக்கிய தலைமயிரை இழுத்தெடுப்பாள். தண்ணீரில் தாள் கீற்றை நனைத்து, அது என்ன நிறத்துக்கு மாறுகிறது என்று பார்த்துக் குறிப்பாள். வெள்ளைத் துவாய்களை மடித்து அடுக்குவாள். வேலையாட்கள் கையுறை இல்லாமல் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சட்டம். ஒருதரம் வேலை முடிந்த பிறகு காலை மட்டும் நனைக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். அவர் அதை நல்ல பகிடி என்று நினைத்து மற்றவர்களுக்கும் சொல்லிச் சிரித்தாராம்.

"எனக்கு நீர்வீழ்ச்சியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றாள். "கழுத்து மட்டும் சுடுதண்ணிக்குள்ள ஒரு மணித்தியாலம் இருக்கவேணும். ஒருத்தரும் வந்து எழும்பு எண்டு சொல்லக்கூடாது. அவ்வளவுதான்."

"என்ன உடுத்துக்கொண்டு இறங்குவீர்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? குளிக்க என்ன உடுக்கிறது? குறுக்குக்கட்டுத்தான்."

பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினால் அது குறுக்குக்கட்டு. எங்கள் பெண்கள் கிணற்றடியில் அப்படித்தான் குளிப்பார்கள், அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் நீச்சலுடை இல்லாமல் இறங்க முடியாது என்பதும் விளம்பரத்தாளில் இருந்தது. அது பொடி எழுத்தில்கூட இல்லை, நடுத்தர எழுத்தில் இருந்தது. நான் வாசித்தேன். அவளுடைய முகத்தையும் பார்த்தேன். பேந்து சொல்லலாம், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பேந்து ஒரு செப்டெம்பர் சனிக்கிழமையாக வந்து சேர்ந்தது.

காலை ஆறரைக்கு கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ வாசலில் பேருந்து. ஆறரை என்றால் ஏழரைக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்துதான் ஆறரை என்று எழுதியிருந்தேன். அவர்களுக்கும் நான் அப்படித்தான் எழுதுவேன் என்று தெரியும், எட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். பாதிப் பேர் கையில் வாளி. சிவப்பு வாளி, நீல வாளி, மூடி போட்ட வாளி, வீட்டுக்குப் பூச்சடித்த வெள்ளை வாளி. திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், எல்லாருக்கும் அவர் திருமலை அண்ணை, இரண்டு வாளியோடு வந்திருந்தார்.

"ஏன் அண்ணை ரெண்டு?"

"ஒண்டில அள்ளி வைக்க, மற்றதால ஊத்த. ஏழு கிணத்திலையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்கினால்தான் சூடு சரியா வரும். உமக்குத் தெரியாதோ? நீர்தானே எழுதினீர்?"

பேருந்துச் சாரதி கியூபெக்காரர், பெரிய மீசை. வாளிகளைப் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாரும் கார் கழுவப் போகிறார்களா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் திருமலை அண்ணை.

"எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லுறார்," என்றேன்.

இதுதான் என் மொழிபெயர்ப்பு முறை. ஒரு பக்கத்திலிருந்து கல் வந்தால் மறுபக்கத்துக்குப் பூவாகக் கொடுப்பேன். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. என் தொழில் நடந்துகொண்டிருக்கும்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒலிவாங்கியைப் பிடித்தேன். வாளி விஷயத்தையும் உடுப்பு விஷயத்தையும் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன்.

"சுடுதண்ணி இடத்தில ஒரு சின்ன ஒழுங்கு இருக்கு. அங்க சத்தமாக் கதைக்கக்கூடாது. அமைதியா இருக்கவேணும்."

பேருந்துக்குள் உண்மையான அமைதி ஒன்று விழுந்தது. பிறகு மூன்றாவது இருக்கையிலிருந்து மன்னார் அக்கா எழும்பினார். மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவர், ஒலிவாங்கி தேவைப்படாத குரல்.

"கதைக்காம என்னெண்டு குளிக்கிறது?"

"அவையின்ர வழக்கம் அப்பிடி, அக்கா."

"செத்தவீட்டிலயே கதைக்கிறம். குளிக்கிற இடத்தில வாயை மூடவோ? விசர்க் கதை."

என் மனைவி யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அன்று காலை அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மாந்தளிர் நிறத்தில் ஒரு பருத்திப் பாவாடையும் துவாயும். முதல்நாள் இரவே தோய்த்துக் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தாள். குளிக்கப்போகிற பாவாடைக்கு இஸ்திரி போட்ட ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மொன்மொரன்சியில் மத்தியானம். நீர்வீழ்ச்சி என் உதவி இல்லாமலே விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் வழிகாட்டி சும்மா நிற்க முடியாது.

"இது நயாகராவைவிட உயரம்," என்று அறிவித்தேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கிறேல்லை?" என்றார் மன்னார் அக்கா.

"அகலம் காணாது, அக்கா."

"ஓ. உம்மை மாதிரி."

தூவானத்துக்குள் நின்று, வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் சாப்பிட்டார்கள். படம் எடுத்தார்கள். படிக்கட்டு ஏறினார்கள், பாதியில் இருந்து களை ஆறினார்கள். மனைவி மட்டும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. யன்னலில் தட்டிக் கூப்பிட்டேன்.

"ஒருக்கா வந்து பாரும். இவ்வளவு தூரம் வந்து..."

"நான் தண்ணி பார்க்க வரேல்லை. எட்டு வருசமாப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்."

மூன்று மணிக்குச் சுடுதண்ணி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பைன் மரங்களுக்கு நடுவில் மரக் கட்டடங்கள், கல் பதித்த குளங்கள், மேலே ஆவி. வாசலில் உதட்டில் விரல் வைத்த ஒரு படம். எல்லாரும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, நோயாளிகளைப் போல மெதுவாக நடந்தார்கள். திருமலை அண்ணை ஒரு குளத்தின் ஓரம் குனிந்து, ஒரு விரலை நனைத்து மூக்குக்குக் கொண்டுபோனார்.

"தம்பி."

"ஓம் அண்ணை."

"இதில கந்தக மணம் இல்லை. குளோரின் மணக்குது."

"ஊருக்கு ஊர் தண்ணி மாறும் தானே, அண்ணை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருடம் பிழையான விலாசம் எழுதியவர்களைப் பார்த்த களைப்பு இருந்தது.

உடுப்பு மாற்றும் அறைக்குள் நான்தான் முதலில் போனேன். வழிகாட்டி முன்மாதிரியாக இருக்கவேண்டும். மலிவுக்கடையில் வாங்கிய நீச்சல் காற்சட்டை. கறுப்பு, முக்கோணம், மிகச் சின்னது. பெட்டியில் இருந்த படத்தில் அதைப் போட்டிருந்தவனுக்கு அது பெரிதாக இருந்தது. எனக்கு அது முன்னால் வயிற்றுக்குக் கீழே மறைந்து போனது, பின்னால் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. துவாயை மறந்து பேருந்தில் விட்டுவிட்டேன். அந்தக் கோலத்தில் வெளியே வந்தபோது குளிர்காற்று அடித்தது. எதிர்ப்பக்கக் கதவு திறந்தது.

மனைவி முன்னால். பின்னால் பதினொரு பெண்கள். எல்லாரும் குறுக்குக்கட்டில், தோளில் துவாய், கையில் வாளி. கதைத்துக்கொண்டே வந்தார்கள்.

வெள்ளை அங்கிக்காரர்கள் எல்லாரும் ஒரேயடியாகத் திரும்பினார்கள்.

பொறுப்பாளர் பெண் ஓடாமல் ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும், கையில் ஒரு பலகையும் தாளும். மிகவும் தணிந்த குரலில், மிகவும் மரியாதையாக, என்னைப் பார்த்துச் சொன்னார்: இந்த உடையோடு தண்ணீரில் இறங்க முடியாது, நீச்சலுடை கட்டாயம், முன்வாசலில் விற்கிறோம், வாங்க விருப்பமில்லாதவர்கள் உள்ளே இருந்து தேநீர் குடிக்கலாம்.

மனைவி என்னைப் பார்த்தாள். "என்னவாம்?"

"கொஞ்சம் பொறுக்கட்டாம்."

"அவ பொறு எண்டு சொல்லேல்லை. இறங்கக்கூடாது எண்டு சொன்னவ. தேத்தண்ணி குடிக்கட்டாம்."

எட்டு வருடமாக என் மனைவிக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவளுக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவளும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதங்களை நான் எப்படி எப்படி விளங்கப்படுத்தினேன் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெறும் மேலோடு நின்ற எனக்கு இன்னும் கூடக் குளிர்ந்தது.

பதற்றத்தில் பொறுப்பாளர் பக்கம் திரும்பி, என் சிறந்த வகுப்புப் பிரெஞ்சில் ஒரு வசனம் விட்டேன். மன்னிக்கவேண்டும் அம்மணி, இது எங்கள் சமயம்.

"சமயமாம்!" என்றாள் மனைவி. "எனக்கு எப்ப சமயத்தில இவ்வளவு பிடிப்பு வந்தது?"

"எந்தச் சமயம்?" என்றார் மன்னார் அக்கா. "நான் வேதம். இவ சைவம். ரெண்டுக்கும் ஒரே பாவாடையோ?"

"உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னனான்..."

"எங்களைக் காப்பாற்ற வேண்டாம். நீங்கள் போய் எதையாவது உடுங்கோ. பார்க்கேலாமல் கிடக்கு," என்றாள் மனைவி.

பிறகு அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே பொறுப்பாளரிடம் போனாள். பிரெஞ்சில் கதைத்தாள். அது என் பிரெஞ்சு இல்லை. சலவை அறையிலும் சமையலறைப் பின்கதவிலும் சுமைதூக்குகிறவர்களிடமும் பொறுக்கிய பிரெஞ்சு, முழங்கையை நீட்டிக்கொண்டு வரும் பிரெஞ்சு. அதில் தயவுசெய்து என்ற சொல் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அவள் சொன்னதன் சாரம் இது. இந்த மாதிரித் தொட்டிகளை நான் எட்டு வருடம் கழுவியிருக்கிறேன். தண்ணீரை எது ஊத்தையாக்குகிறது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். வெயில் களிம்பு, வாசனைத் தைலம், தலைமயிர்ச் சாயம், இவ்வளவும்தான். இந்தப் பாவாடை நேற்று இரவு தோய்த்தது, மணந்து பார். அங்கே போகிறவர் போட்டிருக்கும் நீச்சலுடை கடைசியாக எப்போது தோய்த்தது என்று கேட்டாயா?

பொறுப்பாளர் தளர்ந்த துணி வடிகானில் சிக்கும், ஆபத்து என்றார். அது நியாயமான கதைதான். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பிரச்சினை இதோடு முடிந்துவிடும் போல.

மனைவி குனிந்தாள். பாவாடையின் முன்பக்கத்தைக் கால்களுக்கு நடுவால் பின்னுக்கு இழுத்து, இறுக்கிச் செருகினாள். மற்ற எல்லாரும் அதையே செய்தார்கள். வரிசையாகப் பதினொரு செருகல். "உறிஞ்சுகிற ஓட்டை மூன்றாவது படிக்குக் கீழே, இடது பக்கத்தில் இருக்கிறது," என்றாள் பிரெஞ்சில். "அதிலிருந்து இரண்டு கை விரித்த அளவு, ஒரு பாகம் தள்ளி இருப்போம். உன்னிடம் தாள் கீற்று இருக்கும். இப்போது நனைத்துப் பார். நாங்கள் எழும்பிய பிறகும் நனைத்துப் பார். நிறம் மாறியிருந்தால் தொட்டியை வெறுமையாக்கி நானே தேய்த்துத் தருகிறேன்."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"இது மரியாதையான உடையில்லை," என்றார் கடைசியாக, தயங்கித் தயங்கி. "மற்ற வாடிக்கையாளர்கள்..."

மனைவி மெதுவாகக் கையைத் தூக்கி என்னைக் காட்டினாள்.

"இவர் உங்கள் சட்டப்படி சரியாக உடுத்திருக்கிறார்," என்றாள். "நன்றாகப் பாருங்கள். இதை உள்ளே விடுகிறீர்கள். என்னை மறிக்கிறீர்கள்."

எல்லாரும் பார்த்தார்கள். பதினொரு பெண்கள், பொறுப்பாளர், வெள்ளை அங்கிக்காரர்கள், வாசலில் பேருந்துச் சாரதி. திருமலை அண்ணை தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த முக்கோணத் துணிக்கும் எனக்கும் இடையில் ஒரு சமாதான உடன்பாடு இருந்திருந்தால் அது அந்த நிமிடத்தில் முறிந்திருக்கும். என் வாழ்நாளில் நான் ஒரு வாதத்துக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

இயக்குநருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும், அதுவரை ஒருவரும் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் உள்ளே போனார்.

கதவு சாத்தப்பட்டது. மனைவி படியில் கால் வைத்தாள்.

"ஏய், அவ இப்ப வந்திடுவா," என்றேன்.

"வரட்டும்."

முதற்படி, இரண்டாம் படி. ஆவிக்குள் முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. கழுத்துவரை போய், கல்லில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சுமையை இறக்கிவைத்த ஆள் முதல் மூச்சு விடும்போது இருக்கும் முகம். எங்களுக்குக் கலியாணமாகிப் பதினாறு வருடம், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இவ்வளவு காலமும் அதை எங்கே வைத்திருந்தாள் என்று யோசித்தேன். பிறகு யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் மன்னார் அக்கா இறங்கினார், அவருக்குப் பின்னால் மற்ற எல்லாரும் இறங்கினார்கள்.

"அம்மாடி, என்ன சுகம்!"

"கடலை ஊறப்போட்ட மாதிரி இருக்கிறமடி."

"அங்கால தள்ளுங்கோ, ஓட்டைப் பக்கம் போகாதேங்கோ."

திருமலை அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே நின்றார். பிறர் இருக்கிற தண்ணீருக்குள் இறங்குவது அவருடைய கொள்கைக்கு ஒத்துவராது. ஒரு வாளி அள்ளினார், கல்லில் குந்தினார், 'சிவ சிவா' என்று சத்தமாகச் சொல்லித் தலையில் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து, நடுக்குளத்து ஊற்று ஒரு சீறலோடு வானத்துக்குப் பீறிட்டது. பதினொரு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். உதட்டில் விரல் வைத்த படத்தின் ஆட்சி அந்த இடத்தில் அத்தோடு முடிந்தது. வெள்ளை அங்கி போட்ட வயதான கியூபெக்காரர் ஒருவர் எழும்பி வந்து, திருமலை அண்ணையின் இரண்டாவது வாளியைச் சைகையால் கேட்டார். அண்ணை கொடுத்தார், எப்படி ஊற்றுவதென்றும் காட்டினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து ஊற்றிக்கொண்டார்கள்.

பொறுப்பாளர் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. குரல் இன்னும் தணிவாகத்தான் இருந்தது. இயக்குநர் எல்லாரையும் உடனே வெளியேறச் சொல்கிறார். வழிகாட்டி நீங்கள்தானே? நீங்களே சொல்லி எழுப்புங்கள்.

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று இப்போது எனக்குத் தெரியும். முழுக்குளமும் என்னைப் பார்த்தது.

அந்த இடத்தில் எனக்கு வீரம் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், செப்டெம்பர் காற்று, அந்த உடுப்பு, பல் கிடுகிடுத்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் சூடான ஒரே இடம் என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அம்மணி," என்றேன், வகுப்பில் முதலாவதாக வந்த பிரெஞ்சில், "ஆட்களைத் தண்ணீர்வரைக்கும் கூட்டிவருவதுதான் என் வேலை. தண்ணீரிலிருந்து எடுப்பது என் ஒப்பந்தத்தில் இல்லை."

சொல்லிவிட்டு இறங்கினேன். குளத்துக்குள் கைதட்டல். மனைவி கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

"பிரெஞ்சு பரவாயில்லை," என்றாள்.

பொறுப்பாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் கீற்றை எடுத்து, படியோரம் குனிந்து நனைத்தார். நிறப்பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். இன்னொரு தரம் ஒத்துப் பார்த்தார். கீற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அரை மணித்தியாலம், அதோடு முடிந்தது என்றார்.

"ஒரு மணித்தியாலம்," என்றாள் மனைவி. "டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

ஒரு மணித்தியாலமும் இருந்தாள். மற்றவர்கள் நாற்பது நிமிடத்தில் எழும்பி ரோல்ஸ் தேடிப் போய்விட்டார்கள். சாரதி வந்து மணிக்கூட்டைக் காட்டினார். "வாறன்," என்றாள், அசையவில்லை. நான் பக்கத்தில் இருந்து விரல் நுனி சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பு என்று சொல்ல எனக்கு ஒருதரம் வாய் வந்தது. அதை விழுங்கினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல வேலை அது.

திங்கட்கிழமை முதலாளி தொலைபேசியில் வந்தார். அந்த இடத்திலிருந்து முறைப்பாடு. எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையென்றால் இனி அந்தப் பக்கம் பேருந்து போகமுடியாது. "நீர்தான் நல்ல பிரெஞ்சுக்காரன். பின்னேரத்துக்குள்ள எழுதும். எழுதினால் அடுத்த கோடையிலயும் நீர்தான் கைட். இல்லையெண்டால் வேற ஆள் பார்ப்பன்."

சமையலறை மேசையில் இருந்து நாலு தரம் எழுதினேன். 'ஆழ்ந்த மனவருத்தம்' என்று தொடங்கி, 'எங்கள் மக்களின் அறியாமை' வரைக்கும் அழகாக வந்திருந்தது. மனைவி வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே தோளுக்கு மேலால் வாசித்தாள். இனி அவள் வாசிக்கிறாள் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

"ஆருக்கு மனவருத்தம்?"

"கம்பனிக்கு."

"எனக்கு இல்லை. இறங்கினது நான். புதுத்தாள் எடுங்கோ, நான் சொல்லுறன்."

எடுத்தேன். அவள் சட்டியை அடுப்பில் வைத்து, வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள், நான் எழுதினேன். வணக்கம். சனிக்கிழமை உங்கள் குளத்தில் இறங்கினோம். நன்றாக இருந்தது. தண்ணீர் விளம்பரத்தில் சொன்ன அளவு சூடாக இல்லை. மூன்றாவது படிக்குக் கீழே கற்களுக்கு நடுவில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அதற்கு விலை கூடிய மருந்து வேண்டாம். வினாகிரி ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, கடினமான தூரிகையால் தேய்த்தால் போய்விடும். உங்கள் தாள் கீற்றின் நிறம் எங்களால் மாறவில்லை என்று உங்கள் பொறுப்பாளருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

"சரி, இவ்வளவும் காணும்," என்றேன். பேனையைக் கீழே வைத்தேன். இந்தக் கடிதம் தபாலில் விழுந்தால் என் சனிக்கிழமைத் தொழில் அதோடு விழுந்தது.

"இன்னும் இருக்கு. எழுதுங்கோ. வாற கோடையிலும் வருவோம். இதே உடுப்போடு."

"'வர விரும்புகிறோம்' எண்டு போடட்டே? கேட்க மரியாதையா இருக்கும்."

அவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வருவோம் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன்.